வானத்துச் சிறு குரல்



நீங்கள் ஒரு புகைப்படத்தைப் பார்த்திருக்கக்கூடும். மாடு பூட்டிய வண்டி ஒன்று. அதன்மேல் ஒரு செயற்கைக்கோள். 1981ஆம் ஆண்டில் விண்ணுக்குச் சென்ற 'ஆப்பிள்' என்னும் நம் நாட்டுச் செயற்கைக்கோள் அது. இப்படத்தைக் காண்போர் பெரும்பாலும் இரண்டில் ஒன்று சொல்வர். "அந்தோ, ஒரு லாரிக்குக்கூட வழியின்றி இருந்தோமே!" என்று இரங்குவர் ஒரு சாரார். "அவ்வளவு எளிமையிலும் எத்துணை சாதித்தோம்!" என்று பெருமிதம் கொள்வர் மற்றொரு சாரார். இரு சாராரும் அப்படத்தைத் தவறாகப் படிக்கின்றனர் என்பது என் கருத்து. அந்த வண்டி அங்கே நின்றதற்குக் காரணம் ஏரியல். அதனை விளக்குமுன், செயற்கைக்கோளின் செய்தியை வாங்கும் ஏரியலுக்கு வாய்த்த தொல்லை இன்னதென்று சிறிது பார்த்தல் வேண்டும்.

ஏரியல் என்ற பழைய பெயராலேயே இதை வழங்குகிறேன். ஆன்டெனா என்பாரும் உளர். அலைவாங்கி என்ற தமிழ்ச் சொல்லும் நன்றே. ஆயினும் இக்கருவி அலையை வாங்குவதோடு அனுப்பவும் செய்கிறதாகலின், அப்பெயர் அதன் தொழிலில் பாதியைத்தான் சொல்லுகிறது.

1962ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆம் நாள் 'டெல்ஸ்டார்' என்னும் செயற்கைக்கோள் அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்டது. பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் செய்த உருண்டை அது. குறுக்களவு மூன்று அடிக்குச் சற்றுக் குறைவு. எடை 77 கிலோகிராம். கடலுக்கு அப்பாலிருந்து வரும் தொலைக்காட்சிப் படத்தை வாங்கி, வலுவூட்டி, மீண்டும் கீழே அனுப்புவது அதன் வேலை. அனுப்பும் ஆற்றலோ ஏறத்தாழ 2 வாட். நம் வீட்டுப் பூஜையறையில் எரியும் சிறு மின்விளக்கின் அளவு என்று கொள்ளுங்கள்.

அந்த 2 வாட்டில் தரைக்கு வந்து சேர்வது எவ்வளவு? இதற்கு உயர்ந்த கணிதம் எதுவும் வேண்டா. டெல்ஸ்டார் ஒரு கணத்தில் 5000 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது சுழன்றுகொண்டே செல்லும் உருண்டை. ஆதலால் தன் அலைகளை ஒரு பக்கமாகக் குவிக்க இயலாமல் எல்லாப் பக்கங்களிலும் இறைத்தது. 5000 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு பெரிய கோளத்தின் மேற்பரப்பில் அந்த 2 வாட்டும் பரவி நிற்கிறது. அம்மேற்பரப்பைக் கணக்கிட்டால் 31 கோடிச் சதுர கிலோமீட்டருக்கு மேலாகும். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஆண்டோவர் என்னும் ஊரில் இதற்கென்று அமைத்த ஏரியலின் வாய் 3600 சதுர அடி. அந்த வாயில் வந்து விழுவது, ஒரு வாட்டை இலட்சம் கோடிப் பங்காகப் பகுத்தால் அவற்றில் இரண்டே பங்கு! வீட்டிற்குப் போய்த் தாளும் பென்சிலும் கொண்டு நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சிறிய ஆற்றலைப் பெருக்கிக் கொண்டால் போயிற்று என்று உங்களுக்குத் தோன்றும். பெருக்குவது எளிது. ஆனால் பெருக்கும்போது இரைச்சலும் உடன் பெருகுகிறது. வெப்பமுள்ள பொருள் எதுவாயினும் அது ஓயாமல் ரேடியோ அலைகளை வீசிக்கொண்டே இருக்கிறது. மரம் வீசுகிறது, மண் வீசுகிறது, மழைத்துளி வீசுகிறது, ஏரியலுக்கு முன்னால் நின்றால் நீங்களும் நானும் வீசுகிறோம். ஏரியலையும் பெருக்கியையும் இணைக்கும் குழாயுங்கூட வீசுகிறது. பொறியியலார் இந்த இரைச்சலைப் பாகைக் கணக்கிலேயே அளப்பர். நம் காலடி மண் ஏறத்தாழ 300 கெல்வின் பாகையில் இரைகிறது. ஆனால் தெளிந்த வானத்தை நேரே நோக்கினால், 4000 மெகாசைக்கிள் அளவிலான நுண்ணலைகளில் இரைச்சல் சில பாகைகளே. டெல்ஸ்டார் கீழ்நோக்கிப் பேச 4170 மெகாசைக்கிளைத் தெரிந்தெடுத்ததற்கு இது ஒரு காரணம். அதற்கு மிகவும் கீழே போனால் பால்வெளி மண்டலத்தின் இரைச்சல் மிகுதி. மிகவும் மேலே போனால் காற்றிலுள்ள நீராவியும் ஆக்சிஜனும் இரைகின்றன. இடையே ஒரு சாளரம் திறந்திருக்கிறது.

ஆகவே, இந்த ஏரியல் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. வானத்தை உற்றுக் கேட்க வேண்டும். பூமியைக் கேளாதிருக்க வேண்டும். இரண்டாவதே கடினம். காது மந்தமான பெரியவர் ஒருவர் பேச்சைக் கேட்கக் கையைக் காதுக்குப் பின்னால் குவிக்கிறாரே, அக்கை முன்னிருந்து வரும் ஓசையைச் சேர்ப்பதோடு பின்னிருந்து வருவதைத் தடுக்கவும் செய்கிறது. பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் இதைத்தான் செய்தனர். நம் கோயில் விழாக்களில் ஊதும் கொம்பைப் போலச் சிறுத்துத் தொடங்கி அகன்று விரியும் உலோகக் கொம்பு ஒன்றைக் கட்டினர். சுற்றிலும் உலோகச் சுவர் மறைத்து நிற்பதால் தரையின் இரைச்சல் உள்ளே புகுவதில்லை. ஆண்டோவரில் இருந்த அக்கொம்பின் நீளம் 177 அடி. எடை 340 டன். வானில் விரைந்து செல்லும் டெல்ஸ்டாரைத் தொடர்ந்து நோக்கும்பொருட்டு இந்த 340 டன்னும் திரும்ப வேண்டும். அதன் பார்வையின் அகலமோ முழுநிலவின் அகலத்தில் பாதியளவு. கொம்பின் அடியில் மேசர் என்னும் பெருக்கி இருந்தது. அதிலுள்ள மாணிக்கப் படிகத்தைத் திரவ ஹீலியத்தில் அமிழ்த்தி, தனிச்சுழியை ஒட்டிய குளிரில் வைத்திருந்தனர். குளிர்ந்த பெருக்கி குறைவாக இரையும் என்பதே அதன் சூட்சுமம்.

காற்றும் பனியும் தாக்காதபடி அந்தக் கொம்பு முழுவதையும் ரப்பர் பூசிய துணியாலான பெரிய குமிழ் ஒன்றினுள் வைத்தனர். குமிழின் குறுக்களவு 210 அடி. இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல். பூமியின் இரைச்சலைத் தவிர்க்க இத்தனை பாடுபட்டவர்கள், ஏரியலின் முகத்துக்கு எதிரிலேயே ஒரு கூரையை விரித்தனர். வறண்ட நாளில் அதனால் தீங்கில்லை. மழை பெய்யும்போது அக்கூரையின்மேல் நீர் ஏடாகப் படியும். அந்த நீரேடு தன் வெப்பத்துக்கேற்ப இரையும்.

ஆங்கிலேயர் வேறு வழியில் சென்றனர். கார்ன்வால் பகுதியில் கூன்ஹில்லி என்னுமிடத்தில் 85 அடி அகலமுள்ள பரவளைவுக் கிண்ணம் ஒன்றைத் திறந்த வெளியிலேயே நிறுவினர். 1100 டன்னுக்கு மேற்பட்ட எடை. புயலையும் தாங்கி நிற்கும் உறுதி. பிரெஞ்சுக்காரரோ ஆண்டோவர்க் கொம்பைப் போலவே மற்றொன்றைத் தங்கள் நாட்டில் ப்ளெமர்-போது என்னும் ஊரில் கட்டினர். எது சிறந்தது என்ற கேள்விக்கு விடை டெல்ஸ்டார் வரும் இரவில் தெரியும் என்று எல்லாரும் காத்திருந்தனர்.

ஜூலை 11ஆம் நாள் பின்னிரவு. பிரான்சில் படம் தெளிவாக விழுந்தது. கூன்ஹில்லியில் மங்கலும் புள்ளிகளுமாய் ஏதோ அசைந்தது; அவ்வளவே. கிண்ணம் தோற்றது, கொம்பு வென்றது என்று யாரும் எண்ணக்கூடிய தருணம். உண்மையில் கிண்ணத்தில் குற்றமில்லை. ஒரு சொல்லின் பொருளில் குற்றம்.

டெல்ஸ்டாரின் அலை திருகாணியின் புரிபோலச் சுழன்றுகொண்டே வரும். வலஞ்சுழியாக வரும் அலையை இடஞ்சுழிக்கென்று அமைந்த ஏரியல் ஏற்றுக்கொள்ளாது. சரி, வலஞ்சுழி என்பது எது? கண்ணாடித் தகட்டில் செய்த கடிகாரம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். முன்னால் நின்று பார்ப்பவனுக்கு முள் வலமாகச் சுற்றுகிறது. பின்னால் நிற்பவனுக்கு அதே முள் இடமாகச் சுற்றுகிறது. அலை போகும் திசையில் அதன் பின்னே நின்று பார்ப்பது ஒரு மரபு. அலை வரும் திசையை எதிர்நோக்கிப் பார்ப்பது மற்றொரு மரபு. ஒளியியல் நூல்களும் வானொலிப் பொறியியலாரும் இவ்வகையில் ஒன்றுபட்டதில்லை. கடலுக்கு இப்பால் ஒரு பொருளும் அப்பால் ஒரு பொருளுமாகக் கொண்டதன் விளைவாக, கூன்ஹில்லி ஏரியலில் ஒரு சிறு உறுப்பு எதிர்மாறாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதனைத் திருப்பிப் பொருத்தினர். அடுத்த இரவே நல்ல படம் வந்தது. வரையறைகளை மனப்பாடம் செய்யச் சொன்னால் முகம் சுளிக்கும் மாணவர்களுக்கு இக்கதையை நான் தவறாமல் சொல்வதுண்டு. இதைக் கேட்டபின்னும் அவர்கள் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள். அது வேறு செய்தி.

பின்னர் உலகம் தெரிந்துகொண்டது கிண்ணத்தையே. கொம்பைக் காட்டிலும் அது மலிவு. அதற்குக் கூரையும் வேண்டா. ஆண்டோவர்க் கொம்பு பின்னாளில் பிரித்தெடுக்கப்பட்டது. பிரெஞ்சுக் கொம்பு வரலாற்றுச் சின்னமாகக் காக்கப்படுகிறது.

கொம்பை விட்டு நீங்குமுன் அதன் மூத்த உடன்பிறப்பு ஒன்றைப் பற்றிச் சொல்லாதிருக்க இயலவில்லை. நியூஜெர்ஸியில் ஹோம்டெல் என்னுமிடத்தில், 1960இல் பறந்த 'எக்கோ' என்னும் 100 அடிப் பலூனின் எதிரொலியைக் கேட்பதற்காக 20 அடி வாயுள்ள கொம்பு ஒன்று கட்டப்பட்டிருந்தது. எட்வர்டு ஓம் என்ற பொறியியலார் அதன் இரைச்சல் அனைத்தையும் ஒவ்வோர் உறுப்பாகக் கூட்டிப் பார்த்தார். கணக்குப்படி 18.9 பாகை வரவேண்டும். அளந்தபோது 22.2 பாகை வந்தது. அளவில் இரண்டு மூன்று பாகைப் பிழை நேரக்கூடியதே. ஆதலால் 1961இல் இரு எண்களையும் நேர்மையாக அச்சிட்டு மேலே சென்றார். மிஞ்சிய 3 பாகை அப்படியே நின்றது. அதே கொம்பில் 1964இல் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர், திரவ ஹீலியத்தால் குளிரூட்டிய ஒப்பளவு ஒன்றை வைத்து மிகத் துல்லியமாக அளந்தனர். அந்த மிச்சம் போகவில்லை. தகடுகளின் இணைப்பில் அலுமினிய நாடா ஒட்டினர். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைப் பிடித்துத் தொலைவில் கொண்டு விட்டனர். அவை திரும்பி வந்தன. பின்னர்த் துப்பாக்கியைத்தான் நாட வேண்டியிருந்தது. எச்சத்தைத் துடைத்தனர். அப்போதும் மூன்றரைப் பாகை நின்றது. அண்டம் தோன்றிய காலத்து வெப்பத்தின் மிச்சமே அது என்ற விளக்கம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தாரிடமிருந்து 1965இல் கிடைத்தது. இருவருக்கும் 1978இல் நோபெல் பரிசு வந்தது. ஓம் செய்த தவறு என்று நான் எதையும் சொல்லமாட்டேன். தம் அளவின் எல்லையை அறிந்து எழுதியவர் அவர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். டெல்ஸ்டாரைக் கேட்க 340 டன் கொம்பு வேண்டுமென்றால், செயற்கைக்கோள் செல்வ நாடுகளின் உடைமையாகவே இருந்துவிடும் அல்லவா? விக்ரம் சாராபாய் அவர்களின் நோக்கமோ கிராமங்களுக்கு நேரே தொலைக்காட்சியைக் கொண்டு செல்வது. அகமதாபாத்தில் 1967இல் 46 அடிக் கிண்ணத்தோடு ஆராய்ச்சித் தரைநிலையம் ஒன்று தொடங்கியது; நம் பொறியியலார் பலர் இக்கலையைக் கற்றது அங்கேதான். 1969இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தோடு உடன்படிக்கை ஏற்பட்டது. சாராபாய் 1971 டிசம்பரில் மறைந்தார். அவர் எண்ணிய சோதனை 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டு நடந்தது. ஆந்திரம், பீகார், கருநாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிஸ்ஸா, இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறக்குறைய 2400 கிராமங்கள். ஒவ்வொரு கிராமத்திலும் 10 அடி அகலமுள்ள கிண்ண ஏரியல். அது எதனால் ஆனது தெரியுமா? கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையால்!

இது எவ்வாறு இயன்றது? பாரத்தைத் தரையிலிருந்து எடுத்து வானத்தில் வைத்தார்கள். ஏ.டி.எஸ்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியிலிருந்து பார்ப்போர்க்கு நிலையாக நிற்பதுபோல் நின்றது. ஆதலால் கிராமத்து ஏரியல் எதையும் துரத்திக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை. அது குடைபோல மடித்துக் கொண்டுபோய் விண்ணில் விரித்த 30 அடிக் கிண்ணத்தை உடையது. 48 அலுமினிய விலாக்கள், அவற்றின்மேல் செம்பு பூசிய வலை. டெல்ஸ்டார் எல்லாப் பக்கமும் இறைத்ததை இது ஒரு பக்கமாகக் குவித்தது. ஆற்றலும் 2 வாட்டுக்குப் பதில் 80 வாட். டெல்ஸ்டாரைவிட ஏழு மடங்கு தொலைவில் நின்றும், தரையில் ஒவ்வொரு சதுர அடியிலும் அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலிய அலையைப் பொழிந்தது. கம்பிவலை போதுமானதற்குக் காரணம் அலைநீளம். 860 மெகாசைக்கிளில் அலையின் நீளம் 35 சென்டிமீட்டர். வலைக்கண்ணின் அகலம் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாயின், அவ்வலைக்கு அது ஓட்டையாகவே தோன்றாது. கெட்டித் தகடாகவே தோன்றும். கோழிவலையின் கண் ஓரிரு சென்டிமீட்டரே அன்றோ? கெட்டித் தகடாயிருந்தால் காற்றில் பாய்போல் இழுபடும். வலையினூடே காற்று போய்விடும், அலை போகாது.

இச்சோதனையின்போது நம் பொறியியலார் கொழும்பு சென்று, ஆர்தர் கிளார்க் அவர்களின் இல்லத்திலும் ஓர் ஏரியலை நிறுவி வந்தனர். நிலைத்து நிற்கும் செயற்கைக்கோள்களால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் கட்டுரை எழுதியவர் அவர். முப்பதாண்டு கழித்துத் தம் வீட்டிலேயே அதைக் கண்டார்.

இப்போது மாட்டுவண்டிக்குத் திரும்பலாம். அதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று துணை செய்யும்.

இளமையில் நான் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவனாயிருந்தபோது, மூன்று சென்டிமீட்டர் அலையில் வேலை செய்யும் நான்கடிக் கிண்ணம் ஒன்றைச் செய்தேன். அது எத்திசையில் எவ்வளவு கேட்கிறது என்று அளக்க வேண்டும். இதற்கு ஒரு விதி உண்டு: கிண்ணத்தின் அகலத்தை அதனாலேயே பெருக்கி, இரட்டித்து, அலைநீளத்தால் வகுத்தால் வரும் தொலைவுக்கு அப்பால்தான் அலையை அனுப்பும் கருவி இருத்தல் வேண்டும். என் கிண்ணத்துக்கு ஏறத்தாழ 100 மீட்டர் வந்தது. ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் கிண்ணமும், மற்றொன்றின் மாடியில் கருவியும் வைத்தேன். (கூன்ஹில்லிக் கிண்ணத்துக்கு இவ்விதியைப் போட்டால் 18 கிலோமீட்டருக்கு மேல் வரும், அத்தகைய பெரிய ஏரியல்களை அளக்க வானத்திலுள்ள ரேடியோ விண்மீன்களையே கருவியாகக் கொள்வர்.) கிண்ணத்தை மெல்லத் திருப்பி அளந்தபோது, வலப்புறம் நாற்பது பாகையில் எதிர்பாராத ஒரு முகடு தோன்றியது. இடப்புறம் அது இல்லை. கிண்ணமோ இருபுறமும் ஒத்தது. கிண்ணத்தின் வளைவைத் தேய்த்தேன், நடுவிலுள்ள ஊட்டியை மும்முறை புதிதாகச் செய்தேன், கணக்கை ஐயுற்றேன், ஒரு மாதம் போயிற்று. பிறகு ஒரு கார்த்திகைப் புயலில், கீழே சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் தகரம் பறந்து போய்விட்டது. மறுநாள் அளந்தால் முகட்டைக் காணோம்! கிண்ணத்தின் முகம் நாற்பது பாகை திரும்பும்போதெல்லாம் அது நோக்கியது அத்தகரத்தை. தகரத்தில் பட்டுத் திரும்பிய அலையை அது உண்மையாகவே கேட்டு, உண்மையாகவே எனக்குச் சொல்லியிருக்கிறது. நான்தான் அதன்மேல் பழி போட்டு ஒரு மாதம் தேய்த்தேன்.

ஆப்பிள் செயற்கைக்கோளைச் செய்தோர்க்கு இத்தொல்லை பன்மடங்கு பெரிது. அதன் திட்ட இயக்குநராயிருந்தவர் ஆர். எம். வாசகம், பின்னாளில் அண்ணாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவர். கட்டளைகளை வாங்கவும் தன் நலத்தைத் தரைக்குத் தெரிவிக்கவும் செயற்கைக்கோளில் ஓர் ஏரியல் உண்டு. அது பழுதுபட்டால் செயற்கைக்கோள் செவிடும் ஊமையுமாகிவிடும். மேலே போய்த் திருத்துவார் இல்லை. அந்த ஏரியல் செயற்கைக்கோளின் உடலோடு சேர்ந்து எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை விண்ணிலிருப்பது போன்ற சூழலில், அஃதாவது அருகே உலோகம் ஏதுமில்லாத வெட்டவெளியில், அளந்தறிய வேண்டும். எதிரொலியை விழுங்கும் கூர்நுரைகளால் சுவரெல்லாம் போர்த்த பெரிய கூடங்கள் இதற்கென்று உண்டு. அவற்றுக்குச் செலவும் காலமும் ஏராளம். செயற்கைக்கோளைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய் அளக்கலாமென்றால் எதன்மேல் வைப்பது? லாரியின்மேல் வைத்தால், பல டன் எஃகு அதன் காலடியிலேயே எதிரொலித்துக்கொண்டிருக்கும். என் சைக்கிள் கொட்டகையை நினைவுகூருங்கள். ஒரு செயற்கைக்கோளைத் தாங்கும் வலிமையும், இடத்துக்கிடம் நகரும் வசதியும், அலைக்குக் கண்ணாடியாகாத மரத்தின் இயல்பும் ஒருங்கே உடைய மேடை எது? மாட்டுவண்டிதான். பெங்களூரில் அதை அமர்த்தினர், அளந்தனர்.

1981 ஜூன் 19ஆம் நாள், தென் அமெரிக்காவில் உள்ள கூரு ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியரின் 'ஏரியான்' ராக்கெட்டில் ஆப்பிள் புறப்பட்டது. மேலே சென்றபின் அதன் இரு சூரியப் பலகைகளில் ஒன்று விரியவில்லை. அந்நிலையிலும் அது தரையிலிருந்து சென்ற கட்டளைகளைக் கேட்டது, விடை சொன்னது, இரண்டாண்டுக்கு மேல், 1983 செப்டம்பர் வரை பணிபுரிந்தது.